பதினான்கு தூண்களிலும் ஒரே தவறு

கண்ணா,

நீ பெங்களூருக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். தினமும் போனில் பேசுகிறோம். சாப்பாடு எப்படி, வீடு கிடைத்ததா, தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கிறேன், நீயும் சொல்கிறாய். நான் கேட்க நினைப்பது இதெல்லாம் இல்லை. போனை வைத்ததும் அப்பா, இவ்வளவுதானா என்பதுபோல் என்னைப் பார்க்கிறார். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். பள்ளியில் உனக்கு வங்காளமும் ஆங்கிலமும்தான். தமிழைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நான்தான் எழுத்துக்கூட்டச் சொல்லித் தந்தேன். இதையும் எழுத்துக்கூட்டியே படி. நீ வேகமாகப் படித்து முடித்துவிட்டால் எனக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நியூ டவுனிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தாய். கல்கத்தாவில் நம் டாலிகஞ்ச் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். உன் பள்ளிக்கூடத்தில் விபத்து நடந்துவிட்டது என்று அப்போதுதான் சொன்னாய். சுந்தரவனத்துப் பக்கம் நீ வரைந்த அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு மனப்பாடம். புயலும் உப்புத் தண்ணீரும் வந்து போகிற ஊரில் செங்கல் அடுக்கி வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்க முடியாது, எஃகுச் சட்டங்களையும் சுவர்ப் பலகைகளையும் தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து, படகில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே பூட்டிவிடலாம் என்று நீ விளக்கியபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? முன்கூட்டியே செய்து பூட்டும் கட்டடம் என்றாலே தகரக் கொட்டகைதான் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீ அதே சட்டங்களையும் பலகைகளையும் வைத்துத் தாழ்வாரமும் முற்றமும் உள்ள ஒரு பள்ளியை வரைந்தாய். கடைசி நேரத்தில், வகுப்பறைக்குள் ஆற்றுக் காற்று நன்றாக வரட்டும் என்று ஜன்னலை அகலமாக்கினாய். அதற்காகப் படிக்கட்டுச் சுவரை ஒரு அடி தள்ளினாய். அந்த மாற்றத்தை மடிக்கணினியில் எனக்குத் திறந்து காட்டினதும் நீதான்.

"சைட்ல ஃபவுண்டேஷனைத் தப்பாப் போட்டுட்டாங்கம்மா. ஒரு அடி வித்தியாசம். பேனல் உட்காரலை. கடப்பாரை போட்டு நெம்பியிருக்காங்க. சரிஞ்சு சூப்பர்வைசர் கால்மேல விழுந்துடுச்சு" என்றாய்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் அப்பா.

"இல்லப்பா. முழங்காலுக்குக் கீழே நொறுங்கிடுச்சு. கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. சைட்டோட கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் ரெடி. நான் சைன் பண்ணிட்டா முடிஞ்சுது."

நான் கேட்டேன். "எந்தப் பக்கம் ஒரு அடி?"

"படிக்கட்டுப் பக்கம்."

"நீ சுவரைத் தள்ளினியே, அந்தப் பக்கமா?"

நீ தட்டைப் பார்த்தாய். "மாத்தின டிராயிங் ஃபேக்டரிக்கு அனுப்பியாச்சும்மா."

"சைட்டுக்கு?"

"போயிருக்கும்."

அந்த 'போயிருக்கும்' என்ற சொல்லுக்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்குப் போகிற வண்டியில், "நேத்து சைன் பண்ணிட்டேன்மா, ஒரு டென்ஷன் விட்டுது" என்றாய். "சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாகத் தெரியும்.

அம்மா கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலை செய்தாள் என்றுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஒன்பதாவது படித்த சமயம். அப்பாவின் ரயில்வே வேலைக்காக நாம் சாந்த்ராகாச்சியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் அங்கிருந்து நியூ டவுன்வரை இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன். தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் எஃகுக் கூடங்களை மொத்தமாகச் செய்துகொடுக்கிற நிறுவனம் அது. பொறியாளர்கள் கணக்குப் போட்டுத் தருவார்கள். அதை ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, எந்தத் தகட்டில் எந்த இடத்தில் எவ்வளவு பெரிய துளை என்பதுவரை வரைவது எங்கள் வேலை. நான் வரைந்தபடிதான் தொழிற்சாலையில் வெட்டுவார்கள். நான் வரைந்தபடிதான் கட்டுமிடத்தில் காங்கிரீட்டுக்குள் போல்ட்டுகளை நட்டுவைப்பார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. ஒரு நாள் லாரியில் தூண் வந்து இறங்கும். போல்ட்டின்மேல் துளை சரியாக உட்கார வேண்டும்.

டான்குனிப் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்குக் கிடங்கு கட்டினோம். ஒரு வரிசையில் பதினான்கு தூண்கள். பாதி வேலையில் பொறியாளர் தூணின் அடித்தகட்டை மாற்றினார். போல்ட்டுகளுக்கு நடுவே நூற்றைம்பது மில்லிமீட்டர் என்றிருந்த இடைவெளி நூற்றெண்பது ஆனது. நான் தூணின் வரைபடத்தை மாற்றினேன். போல்ட் வரைபடத்தை மாற்ற மறந்தேன். அவ்வளவுதான் தவறு. அன்று யாராவது கூப்பிட்டார்களா, உனக்குக் காய்ச்சலா, ஒன்றும் நினைவில்லை. மறந்தேன். பழைய எண்ணோடு அந்தத் தாள் கட்டுமிடத்துக்குப் போயிற்று.

அங்கே மேற்பார்வை பார்த்தவர் நிமாய். நான் ஒரே ஒரு தடவை அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன். மழை பெய்து சேறாக இருந்தது. என் செருப்பைப் பார்த்துவிட்டுத் தன் கம்பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். எனக்கு இரண்டு அளவு பெரியது. அதைப் போட்டுக்கொண்டு நான் தடுமாறித் தடுமாறி நடந்ததைப் பார்த்து அவர் ஆட்களெல்லாம் சிரித்தார்கள். அவர் வெறுங்காலோடு கூடவே வந்தார். அவரும் சாந்த்ராகாச்சிதான், ரயில்வே யார்டுக்கு அந்தப் பக்கம் வீடு என்று அன்று தெரிந்தது. "அப்ப நம்ம பாடாதான் திதி" என்று, ஒரே தெருவில் வளர்ந்த அக்காவிடம் பேசுவதுபோல் சொன்னார்.

தூண்கள் போய் இறங்கின அன்று காலை அலுவலகத்துக்கு போன் வந்தது. பதினான்கில் ஒன்றுகூட உட்காரவில்லை. கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் இடத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். நூற்றைம்பது என்றிருந்தது. அழித்து நூற்றெண்பது என்று போட்டுச் சேமித்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று யோசித்து எழுந்து போகவில்லை, கை செய்தது. பிறகுதான் மானேஜர் கூப்பிட்டு, போல்ட் வரைபடத்தை ஒரு பிரதி எடுக்கச் சொன்னார். கட்டுமிடத்தில் இருந்த தாள் புயல்மழையில் ஊறிக் கிழிந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக இந்தப் பிரதிதான் மேசைமேல் வந்தது.

நிமாயை மாலையில் வரச் சொன்னார்கள். சேறு காய்ந்த கால்சட்டையோடு வந்து நின்றார். "டேப் வச்சு ரெண்டு தடவை பார்த்தேன் சார். டிராயிங்ல நூத்தம்பதுதான் போட்டிருந்துது" என்றார். கான்ட்ராக்டர், "துர்கா பூஜை முடிஞ்ச வாரம் நட்டது சார். அப்ப இவனுக்குப் போதை இறங்கியிருக்காது" என்று சிரித்தார். நிமாய் என் பக்கம் திரும்பி, "திதி, நீங்க சொல்லுங்க" என்றார்.

"ஷீட்ல நூத்தியெண்பதுன்னுதான் இருக்கு" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, பார்த்தாயா.

நம் வீட்டில் அப்போது எந்தக் குறையும் இல்லை. அப்பாவுக்கு நல்ல வேலை இருந்தது. என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்; திட்டியிருப்பார்கள், அந்த வருஷம் குழுத்தலைவியாக ஆகியிருக்க மாட்டேன். ஒரு அறை நிறைய ஆண்கள் நடுவே நான் ஒருத்தி தவறு செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்காக ஒரு மனிதரைக் குடிகாரராக்கினேன். மறுநாளே அவரை அனுப்பிவிட்டார்கள். பதினான்கு காங்கிரீட் பீடங்களையும் உடைத்துப் புதிதாகப் போட்டார்கள். எந்தக் கான்ட்ராக்டரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பிறகு காதில் விழுந்தது. குழுத்தலைவி ஆனேன். ஒரு வருஷம் தாங்கவில்லை. முதுகு வலி என்று சொல்லி வேலையை விட்டேன். அப்பாவை நச்சரித்து டாலிகஞ்சில் இந்த வீட்டை வாங்கவைத்ததும் அதனால்தான். சிநேகிதர்களை விட்டு வரமாட்டேன் என்று நீ இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய். சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் மேம்பாலத்தில் என்றைக்காவது நிமாய் எதிரே வந்துவிடுவார் என்று பயந்து உன்னை அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

நீ இந்தத் தொழிலுக்கு வந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உனக்குக் கல்லூரியில் சொல்லித்தராத ஒன்று இதில் இருக்கிறது. செங்கல் கட்டடத்தில் கொத்தனார் தப்பைப் பார்த்தால் அங்கேயே நின்று தலையைச் சொறிவார், கொஞ்சம் தட்டுவார், கொஞ்சம் பூசுவார், மேலே வந்துவிடும். உன் கட்டடம் அப்படி இல்லை. எல்லாம் முன்னாலேயே முடிவாகி, வெட்டி, துளைபோட்டு வருகிறது. நீ குளிர்சாதன அறையில் ஒரு கோட்டைத் தள்ளினால் அதன் வலி மூன்று மாதம் கழித்து எங்கோ சேற்றில் ஒருவர் கைக்கு வரும். அவருக்கு அங்கே செய்ய ஒன்றுமே இருக்காது, கடப்பாரையைத் தவிர. அதனால் தொழிற்சாலைக்குப் போன வரைபடம் எதுவோ அதேதான் கட்டுமிடத்துச் சுவரிலும் ஒட்டியிருக்கிறதா என்று நீயே போன் செய்து கேள். இணைப்பு தெரியக் கூடாது, பலகைகள் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாய். ஒரு விரல் இடைவெளி விட்டு வரை, மேலே ஒரு பட்டை வைத்து மூடிக்கொள். அழகு அதனால் குறையாது. இதெல்லாம் அடுத்த கட்டடத்துக்கு. இந்தக் கட்டடத்துக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ கிளம்பிப் போன வாரமே, வியாழக்கிழமை, நான் சாந்த்ராகாச்சிக்குப் போனேன். அப்பாவிடம் பேங்க் என்று சொல்லிவிட்டுப் போனேன். யார்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து டீக்கடைகளில் கேட்டதில் வீடு கிடைத்துவிட்டது. வாசலிலேயே ஒரு சின்ன கிரில் பட்டறை. நிமாய் முக்காலியில் உட்கார்ந்து பழைய கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. டான்குனி என்றதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

நின்றபடியே சொன்னேன். வங்காள மொழியில்தான் பேசினோம், இத்தனை வருஷம் பேசின பாஷை அன்றைக்குத் திக்கித் திக்கி வந்தது. முடித்ததும் அவர், "நூத்தம்பதா இருந்துது?" என்று கேட்டார்.

"ஆமா."

"நிச்சயமா?"

"நான்தான் அழிச்சேன் நிமாய் அண்ணா. நிச்சயம்."

மறுபடியும், "நூத்தம்பதுதானே?" என்றார்.

கோபப்படுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்துத்தான் போனேன். அதற்கு நான் தயாராக இருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "முதல்ல எனக்கு நல்லாத் தெரியும் திதி. பதினாலும் ஒரே மாதிரி தப்பு. குடிச்சவன் பதினாலு இடத்துலயும் ஒரே அளவா தப்புப் பண்ணுவானா? பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். யாரும் கேட்கலை. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. டேப்பை நான்தான் தப்பாப் பிடிச்சேனோ, தாள்ல இருந்ததை நான்தான் தப்பாப் படிச்சேனோன்னு. அன்னைக்கு அப்புறம் நான் அளவே எடுக்கிறதில்லை. கிரில்லுக்குக்கூட வேற ஆளை அனுப்பித்தான் ஜன்னலை அளப்பேன். என் கண்ணை நான் நம்புறதில்லை."

கண்ணா, வேலையைத்தான் பறித்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போக வேண்டாம், மகள் வரட்டும், அவளிடமும் சொல்லுங்கள் என்றார். மௌசுமி என்று பெயர். பக்கத்து நர்ஸிங் ஹோமில் வேலை பார்க்கிறாள், உன் வயது. ஷிஃப்ட் முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் நின்று கேட்டாள். நான் முடித்ததும், "இதை இப்ப எதுக்குச் சொல்ல வந்தீங்க?" என்றாள். அவளே தொடர்ந்தாள். "அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. 'நீ அன்னைக்குக் குடிக்காம இருந்திருந்தா நாம இப்படி இருப்போமா'ன்னு பாபாகிட்ட சொல்லிச் சொல்லியே போனா. பாபா ஒரு வார்த்தை பேச மாட்டார். நானும் அம்மா பக்கம்தான் நின்னேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அம்மா இருக்கும்போது வந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தம்ளர் டீ இருந்தது. அதைத் தன் அப்பாவுக்குக் கொடுத்தாள். தம்ளரை அவளே பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தாள். அங்கே நான் நிற்பது இருவருக்கும் மறந்துபோய்விட்டது போலிருந்தது. வந்துவிட்டேன்.

மனசு லேசாகவில்லை. ஆகும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. ஆனால் நிமாய் நூற்றைம்பதா, நூற்றைம்பதா என்று கேட்டாரே, அந்த எண்ணைப் பதினைந்து வருஷம் முன்னால் நான் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நீ கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டில் மை காய்ந்து இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் உன் ஆபீஸுக்கு எழுதலாம். எழுத மாட்டேன், எனக்குத் தைரியம் கிடையாது, உன்னை எதிர்த்துச் செய்கிற தைரியம் நிச்சயம் கிடையாது. அதைத் திருத்தி எழுது என்று உன்னைக் கட்டாயப்படுத்தவும் எனக்கு வாய் இல்லை. நான் செய்யாததை உன்னிடம் எப்படிக் கேட்பேன்?

திங்கட்கிழமை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்து என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை. ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன். விசாரணை ஜன்னலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்தவர், "பேஷண்ட் பேரு?" என்றார். சுந்தரவனத்திலிருந்து வந்தவர், கால்மேல் பலகை விழுந்தது என்றேன். "பேரு சொல்லுங்க மாஷிமா. பேர் இல்லாம எப்படித் தேடுறது? எலும்பு வார்டுல முந்நூறு பேர் இருக்காங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். ஓரமாக வந்து அங்கிருந்தே உனக்கு போன் செய்தேன். நீ மீட்டிங்கில் இருந்தாய்.

"அந்த சூப்பர்வைசர் பேரு என்னப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

"எனக்குத் தெரியாதும்மா. கான்ட்ராக்டரைக் கேட்டுத்தான் சொல்லணும். சாயங்காலம் சொல்றேன்" என்றாய்.

ஆரஞ்சை வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று வியாழக்கிழமை. மூன்று சாயங்காலம் போய்விட்டது, நீயும் தினமும் போன் செய்கிறாய், நானும் மறுபடி கேட்கவில்லை. இதைப் படித்து முடித்ததும் வேறு எதுவும் எழுதாதே, விளக்கம் எதுவும் சொல்லாதே. அவர் பெயரைக் கேட்டு எனக்கு அனுப்பு.

அம்மா